லாரி வாங்கலையோ, லாரி!

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)



மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோதே, "கவிதை மட்டும் வேண்டாம்ப்பா, ஏற்கெனவே இருபத்திரண்டு வந்தாச்சு" என்று சொல்லிவிட்டார்கள். நல்ல வேளை, எனக்குக் கவிதை வராது. எனக்குத் தெரிந்தது லாரி. எங்கள் நாமக்கல் பக்கத்தில் லாரி தெரியாமல் வளர்வதும் கஷ்டம்தான். நம் வகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருத்தர் அப்பா டிரைவர், ஒருத்தர் மாமா பாடி கட்டும் பட்டறையில் வெல்டர், இன்னொருத்தர் அண்ணன் ரிக் வண்டியோடு ஊர் ஊராய்ப் போகிறார். அந்த வீடுகளில் எல்லாம் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் "பழைய வண்டியா ஒண்ணு எடுத்துப் போடலாமா?" என்ற பேச்சு வரும். வரும்போது இந்தப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் தாத்தா மாடு வாங்குவதில் கெட்டிக்காரராம். பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், பத்தடி நடக்கவிட்டுப் பார்ப்பார், அப்புறம்தான் துண்டுக்குள் கை போகும். அப்பா இருபத்தாறு வருடமாக லாரி ஓட்டுகிறார். அவர் பார்ப்பது சத்தம். தூரத்தில் வரும் வண்டியைக் கேட்டே "மூணாவது சிலிண்டர்ல இன்ஜெக்டர் சரியில்ல" என்பார். போய்ப் பார்த்தால் அப்படியே இருக்கும். அப்படிப்பட்ட மனுஷன்தான் 2018-இல் ஏமாந்தார்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. எத்தனை நாளைக்குத்தான் அடுத்தவர் வண்டியை ஓட்டுவது என்று அப்பாவுக்கு ஓர் ஆதங்கம். ஒரு புரோக்கர் மூலமாக ஆறு சக்கர டிப்பர் ஒன்று வந்தது. நாலு லட்சத்து இருபதாயிரம் ரொக்கம். அம்மாவிடம் தாலிக்கொடி தவிர மற்றதெல்லாம் அடகுக் கடைக்குப் போனது. என்ஜின் என்னவோ அருமையான என்ஜின்தான். உரிமையாளர் கையெழுத்துப் போட்ட 29, 30 எண் படிவங்களை நீட்டிய புரோக்கர், "பேரு மாத்தறதுக்கு என்னங்கண்ணா அவசரம், வண்டிய ஓட்டி நாலு காசு பாருங்க மொதல்ல" என்றாராம். பதினோரு மாதம் ஓடியது. ஒருநாள் காலை, டீசல் போட நின்ற இடத்தில் நாலு பேர் வந்து சாவியைக் கேட்டார்கள். பழைய உரிமையாளர் வாங்கிய கடனில் ஒன்பது தவணை பாக்கி. வண்டி அவர்களுடையது. அப்பா டிபன் கேரியரை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார்.

இதில் கொடுமை என்ன தெரியுமா? அந்தக் கடன் ஆர்.சி. புத்தகத்திலேயே எழுதியிருந்தது. பல வருடம் கழித்து அப்பாவே சொன்னார்: "எச்.பி.னு போட்டிருந்துச்சு கண்ணு. நான் அது ஹார்ஸ்பவராக்கும்னு நெனச்சுட்டேன்." சொல்லிவிட்டு அவர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அன்றைக்கு எங்கள் வீட்டில் ஆங்கில எழுத்து கூட்டத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். என்னிடம் யாரும் காட்டவில்லை. காட்டியிருந்தாலும் ஆறாம் வகுப்புப் பையனுக்கு ஹைப்பாதிகேஷன் என்றால் என்ன தெரியும்?

இந்த வருடம் அப்பா மறுபடியும் பேச்சை எடுத்தார். கூடவே, "இந்தத் தடவ நீயும் வா" என்றார். மூன்று ஞாயிற்றுக்கிழமை, நாலு யார்டு, ஏழு வண்டி. அதில் கற்றதுதான் இனி வருவது.

முதலில் காகிதம். வண்டிப் பக்கமே போகாதீர்கள். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, பரிவாகன் தளத்தில் போட்டுப் பாருங்கள். எப்.சி. எதுவரை, இன்சூரன்ஸ் எதுவரை, வரி கட்டியிருக்கிறதா, எந்த பைனான்ஸின் பெயர் ஏறியிருக்கிறது என்பதெல்லாம் தெரியும். கட்டாமல் விட்ட அபராதச் சலான்களையும் பார்க்கலாம். கடன் ஏறியிருந்தால் வண்டியையே ஒதுக்க வேண்டும் என்பதில்லை. கடன் இல்லாத லாரி எங்கே இருக்கிறது! ஆனால் பைனான்ஸ் கையெழுத்திட்ட 35-ஆம் எண் படிவமும், தடையில்லாச் சான்றும் வரும் வரைக்கும் முழுப் பணத்தைக் கொடுக்கக் கூடாது. முடிந்தால் பாக்கியை நீங்களே நேரில் போய் பைனான்ஸில் கட்டி ரசீது வாங்குங்கள். விற்பவர் கையில் கொடுத்து "நீங்க கட்டிருங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அடுத்து சேஸ் நம்பர். பெரும்பாலும் வலது பக்கச் சட்டத்தில், முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தியிருப்பார்கள். ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்து அப்படியே எழும்பும். அதை ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒத்துப் பாருங்கள். எட்டாவது எழுத்தில் மட்டும் உலோகம் சற்றுப் பள்ளமாக, கிரைண்டர் ஓடியது போல இருந்தால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட வேண்டியதுதான்.

பெயர் மாற்றத்தைத் தள்ளிப் போடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 50-ஆம் பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள். இது வாங்குபவருக்கு மட்டுமான கவலை இல்லை. வண்டியை விற்றுவிட்டேன், ஆனால் ஆர்.சி.யில் என் பெயர்தான் இருக்கிறது, அந்த நேரத்தில் விபத்து நடந்துவிட்டது என்றால்? பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், நஷ்ட ஈடு அவர் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே விற்கிற வீட்டுப் பிள்ளைகளும் இதைப் படிக்கவும்!

எப்.சி. பற்றி ஒரு வார்த்தை. சரக்கு வண்டிக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு வருடா வருடம் காட்ட வேண்டும். "போன மாசந்தானுங்க எப்.சி. காட்டினோம்" என்று புரோக்கர் பெருமையாகச் சொன்னால் அதற்கு ஐந்து மதிப்பெண் கொடுங்கள், ஐம்பது கொடுக்காதீர்கள். எப்.சி. அன்றைக்கு மட்டும் மாட்டிக் கழற்றும் டயர் எங்கள் ஊரில் உண்டு. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. பத்து டயரில் பத்து தேதி இருக்கும் வண்டியும் பார்த்தோம்!

சரி, இப்போது வண்டிக்கு வருவோம். வேலை செய்கிற வண்டியைக் கிலோமீட்டரை வைத்து எடை போடக் கூடாது. குவாரிக்கும் கிரஷருக்கும் நடுவே நாலு கிலோமீட்டர் முதல் கியரில் ஏறி இறங்கிய டிப்பருக்கு மீட்டர் என்ன ஓடியிருக்கும்? ஆகவே அது எவ்வளவு தூரம் ஓடியது என்பதை விட எவ்வளவு சுமந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். நான் இதற்கு ஒரு சுலபமான வழி வைத்திருக்கிறேன். ஒரு டேப். அவ்வளவுதான்.

முதல் யார்டில் ஒரு ஆறு சக்கர டிப்பர், மயில் நீலத்தில் புதுப் பெயிண்ட், முன்னால் இரண்டு குதிரை பொம்மை. அப்பாவுக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. என்ஜினை ஸ்டார்ட் செய்து கண்ணை மூடிக் கேட்டார், முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் தொட்டியை அளந்தேன். நீளம் 12 அடி, அகலம் 7 அடி, உயரம் 4 அடி. அதில் மேல் ஒரு அடி பிறகு வைத்து வெல்டு செய்த தகடு. பெயிண்டுக்கு அடியில் கோடு தெரிந்தது. ஆக 336 கன அடி. நூறு கன அடி ஒரு யூனிட். ஒரு யூனிட் ஜல்லி நாலு முதல் நாலரை டன் வரும். விளிம்பு வரை நிரப்பினால் பதினாலு டன். ஆர்.சி.யில் மொத்த எடை 16,200 கிலோ, வெறும் வண்டி 6,400. அப்படியானால் சுமக்க அனுமதி 9,800 கிலோதான். (2018 ஜூலையில் மத்திய அரசு அச்சுச் சுமை அளவை உயர்த்தி, இரண்டு அச்சு வண்டிக்கு 18.5 டன் ஆக்கியது உண்மை. ஆனால் நீங்கள் வாங்கும் வண்டியின் ஆர்.சி.யில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உங்கள் கணக்கு.) அந்த ஒரு அடி தகடு எதற்காக வைத்தது என்று யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லையே! தொட்டியை மாற்றிக் கட்டியிருந்தால் அதை ஆர்.சி.யில் ஏற்றியிருக்க வேண்டும் என்பது தனிக் கதை.

அந்தச் சுமையெல்லாம் எங்கே போய் உட்கார்ந்தது என்று பார்க்க நான் கீழே படுத்தேன். நம்ம ஸ்ட்ரெங்த் ஆப் மெட்டீரியல்ஸ் பாடம் கடைசியில் பயன்பட்டது அங்கேதான். லாரியின் நீளச் சட்டம் 'ப' எழுத்தைப் பக்கவாட்டில் சாய்த்தது போல இருக்கும். மேலே ஒரு மடிப்பு, கீழே ஒரு மடிப்பு, இரண்டையும் சேர்க்கும் நடுத்தகடு. பாரம் ஏறினால் சட்டம் வளையும். வளையும்போது நடுவில் நியூட்ரல் ஆக்சிஸ் ஓடும் இடத்தில் இழுப்பும் இல்லை, அமுக்கமும் இல்லை. அங்கிருந்து விலக விலகத்தான் ஸ்ட்ரெஸ் கூடுகிறது. மேல், கீழ் மடிப்புகளில்தான் அது உச்சம். அதனால்தான் அந்த மடிப்புகளில் துளை போடாதே, வெல்டு வைக்காதே என்று கம்பெனிக்காரர்கள் படித்துப் படித்துச் சொல்கிறார்கள். வெல்டு வைத்த இடத்தை ஒட்டி இரும்பின் குணம் சூட்டில் மாறிவிடும். விரிசல் அங்கேயே தொடங்கும். மூன்று மதிப்பெண் கேள்விக்காக இதைப் படம் போட்டு எழுதியபோது, இது ஒரு குடும்பத்தின் நகையைக் காப்பாற்றும் என்று நான் நினைக்கவே இல்லை.

எங்கே பார்க்க வேண்டும்? தொட்டியைத் தாங்கும் சப்-பிரேம் எங்கே முடிகிறதோ அங்கே. டிரைவர் கேபினுக்குப் பின்னால். பின் ஸ்பிரிங் பட்டையைத் தாங்கும் பிராக்கெட்டைச் சுற்றி. அப்புறம் தொட்டி தூக்கும்போது சுழலும் கீல் பக்கத்தில். பெயிண்ட் மட்டும் திட்டாகத் தடித்திருந்தால் ஒரு காசால் சுரண்டுங்கள். விரிசல் இருந்தால் பெரும்பாலும் மெல்லிய துருக்கோடு ஒன்று வழிந்திருக்கும். நீல வண்டியில் இடது சட்டத்தின் கீழ் மடிப்பில் ஒரு சாண் நீளத்துக்குப் பிளேட் வைத்து வெல்டு அடித்து, அரைத்து, பெயிண்ட் பூசியிருந்தார்கள். நான் அப்பாவைக் கூப்பிட்டேன். அவரும் பக்கத்தில் படுத்துப் பார்த்தார். ரெண்டு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "சத்தம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

அடுத்தது ஜாக்கி, அதாவது தொட்டியைத் தூக்கும் ஹைட்ராலிக் சிலிண்டர். கியர் பாக்ஸிலிருந்து பி.டி.ஓ. வழியாக பம்பு சுற்றி, ஆயிலை அழுத்தி ஜாக்கியை நீட்டுகிறது. காலித் தொட்டியைத் தூக்கிக் காட்டினால் எல்லா ஜாக்கியும் ராஜாதான். லோடோடு தூக்கச் சொல்லுங்கள். பாதியில் நிறுத்தி, என்ஜினையும் நிறுத்தி, ஒரு கால் மணி நேரம் அப்படியே விடுங்கள். இறங்குகிறதா? இறங்கினால் சீல் போயிருக்கும், அல்லது வால்வு கசியும். ஜாக்கியின் பளபளப்பான தண்டில் நீளவாக்கில் கீறல் இருந்தால் புது சீல் போட்டாலும் நாலு நாளைக்குத்தான். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். தூக்கிய தொட்டிக்குக் கீழே முட்டுக் கொடுக்காமல் தலையை நீட்டாதீர்கள். அதைச் செய்தவர்கள் கதை எங்கள் தெருவிலேயே இருக்கிறது, இங்கே வேண்டாம்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஒரு வினோதமான வண்டி பார்த்தோம். அப்பாவுக்கு முழங்கால் வலி. ராத்திரி ஓட்டம் இனி முடியாது. அதனால் புரோக்கர், "பக்கெட் வண்டி ஒண்ணு இருக்குதுங்கண்ணா, தெருவிளக்கு, பிளெக்ஸ் போர்டு, பெயிண்டிங் எல்லாத்துக்கும் மணிக்கணக்குல வாடகை" என்றார். சின்ன லாரிக்கு மேல் மடக்குக் கை, அதன் நுனியில் ஆள் நிற்கும் கூடை. மீட்டரில் 41,000 கிலோமீட்டர்தான். புதுசு மாதிரியே இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள், இந்த வண்டிக்கு வேலையே நிற்பதுதான்! ஒரே இடத்தில் நின்றுகொண்டு, என்ஜின் ஓடி, பி.டி.ஓ. சுற்றி, பம்பு வேலை செய்யும். சக்கரம் சுற்றினால்தானே மீட்டர் ஓடும்? இதற்கு மணி மீட்டர் இருந்தால் அதைத்தான் பார்க்க வேண்டும். இந்த வண்டியில் அதன் ஒயர் கழற்றியிருந்தது.

கையைத் தூக்கி, கூடையில் இரண்டு மணல் மூட்டை வைத்து, ஜாக்கித் தண்டில் சாக்பீஸால் கோடு போட்டோம். என்ஜினை நிறுத்திப் பத்து நிமிடம். கோடு இரண்டு விரற்கடை உள்ளே போயிருந்தது. ஹோஸ் வெடித்தாலும் கை சரிந்துவிடாமல் பிடிக்க, சிலிண்டரை ஒட்டியே ஒரு லாக் வால்வு இருக்க வேண்டும். அது சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம், அல்லது உள்ளே சீல் போயிருக்க வேண்டும். கூடையைக் கையால் ஆட்டினால் அடியில் சுழலும் மேடையே 'கடக் கடக்' என்றது. போல்ட்டோ பேரிங்கோ தளர்ந்திருந்தது. இதோடு, அந்தக் கை முழுக்க இரும்பு. கரண்ட் ஓடும் கம்பிக்குப் பக்கத்தில் வேலை செய்ய வேண்டுமானால் பைபர் கிளாஸ் கை வேண்டும், அதற்கும் மின்காப்புச் சோதனை காலத்துக்குக் காலம் செய்திருக்க வேண்டும். அப்பா அண்ணாந்து கூடையைப் பார்த்தார். "இதுல ஏறி நிக்கறவன் வீட்லயும் ஒரு புள்ள படிச்சுட்டு இருக்குமல்ல. வேண்டாம் வா" என்று நடந்துவிட்டார்.

அதே புரோக்கர் வழியில், அரசு ஏலத்தில் இதே மாதிரி வண்டி பாதி விலைக்கு வரும் என்றார். அதையும் விசாரித்தேன். அரசுத் துறைகளுக்குச் சொந்தமான வண்டிகள் 15 வருடம் தாண்டினால் 2023 ஏப்ரல் 1 முதல் அவற்றின் பதிவே செல்லாது, உடைப்புக்குத்தான் போக வேண்டும். ஆகவே ஏலத்தில் எடுப்பது வண்டியா, இரும்பா என்று முதலில் வருடத்தைக் கேளுங்கள்.

என்ஜின் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. அதை உங்கள் வீட்டு டிரைவரே என்னை விட நன்றாகப் பார்ப்பார். காலையில் போய், பானெட்டைத் தொட்டுப் பார்த்து, குளிர்ந்த என்ஜினை நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறதா, ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறதா, ஏர் பிரேக் ஏறிய காற்று என்ஜினை நிறுத்திய பிறகும் நிற்கிறதா என்று பாருங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டி என்றால் யூரியா டேங்க், சென்சார் என்று ஒரு தனி உலகம். அதற்கு லேப்டாப் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள்.

கடைசியாக வட்டி. இதில் நாங்களே தடுக்கி விழ இருந்தோம். "அஞ்சு லட்சம் தர்றோம், மூணு வருஷம், பத்து பர்சென்ட்தான்" என்றார் பைனான்ஸில் இருந்தவர். பேங்கிலேயே அதற்கு மேல் கேட்கிறார்களே என்று அப்பாவுக்கு மகிழ்ச்சி. நான் காகிதத்தில் போட்டேன். ஐந்து லட்சத்துக்கு மூன்று வருட வட்டி ஒன்றரை லட்சம். மொத்தம் ஆறரை லட்சத்தை 36 ஆல் வகுத்தால் மாதம் 18,056 ரூபாய். ஆனால் நாம் மாதா மாதம் அசலையும் சேர்த்துத்தானே திருப்பிக் கட்டுகிறோம்? பாதி காலத்தில் பாதி அசல் போன பிறகும் முழு ஐந்து லட்சத்துக்கே வட்டி கணக்குப் போடுவதுதான் பிளாட் வட்டி. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் இது ஏறக்குறைய 18 சதவீதம்! அவரிடமே கேட்டேன். "படிச்ச புள்ளையா? நல்லா கணக்குப் போடறியே தம்பி" என்று சிரித்தார். வட்டி குறையவில்லை. ஆனால் எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தோம்.

ஏழாவதாகப் பார்த்த வண்டியை எடுத்தோம். 2016-ஆம் வருட ஆறு சக்கர டிப்பர், மூன்றடித் தொட்டி, தகடு ஒட்டு இல்லை. பெயிண்ட் மங்கல், ஒரு ஹெட்லைட் உடைந்து டேப் ஒட்டியிருந்தது. சட்டம் சுத்தம். ஏழு லட்சத்து அறுபதாயிரம். சீட்டுப் பணம் இரண்டு லட்சத்து அறுபது, மீதி கடன். நகை இந்தத் தடவை வீட்டிலேயே இருக்கிறது. பழைய பைனான்ஸ் பாக்கியை நானும் அப்பாவும் நேரில் போய்க் கட்டினோம். 35-ஆம் படிவம் கைக்கு வந்த பிறகுதான் உரிமையாளருக்கு மிச்சம் கொடுத்தோம். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் அப்பா பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுத்தாயிற்று.

பெயர் மாறிய ஆர்.சி. வந்த அன்று சாயங்காலம் அப்பா அதை என்னிடம் கொடுத்து ஒவ்வொரு வரியாக வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். ஒரு இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

"இந்த எச்.பி. நம்மளுதுதானே கண்ணு?"

"ஆமாங்ப்பா. முப்பத்தாறு மாசத்துக்கு."

நாலு தவணை கட்டியாயிற்று. கிளட்ச் பிளேட் மட்டும் இந்த மாதம் மாற்ற வேண்டும்.